நாலு விரல் குறைந்த கூரை

நான் பல் கட்டுகிறவள். கொட்டாஞ்சேனையில் ஒரு பல் வைத்தியரின் மாடியில் இருந்துகொண்டு இருபத்தைந்து வருடமாகக் கட்டுப்பல் செய்கிறேன். வீட்டுக்கு வந்தால் கார் கட்டுகிறேன். இரண்டுக்கும் ஒரே கத்தி, ஒரே சின்ன அரங்கள், ஒரே முதுகு வலி. "இந்த வயசில விளையாட்டுக் காரோ?" என்று யாராவது கேட்டால், விளையாட்டுக் கார் என்பது பிள்ளை உடைப்பதற்கு வாங்குவது, நான் செய்வது மாதிரிக் கார் என்று ஒருமுறை பொறுமையாகச் சொல்வேன். இரண்டாம் முறை கேட்டால் அந்தப் பொறுமை இருக்காது.

நிஜக் காரின் இருபத்து நாலில் ஒரு பங்கு. நீட்டிய கையில் வைத்தால் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை வரும். பெட்டிக்குள் பிளாஸ்டிக் துண்டுகளாக வருகிறது. பெட்டியில் சொன்னபடி ஒட்டினால் அது எல்லோருடைய காரும்தான். நான் அப்படி ஒட்டுவதில்லை. கூரையை வெட்டித் தாழ்த்துவேன், டயரோடு சில்லை மாற்றுவேன், மூடிக் கிடக்கிற கதவை அறுத்துக் கம்பியில் கீல் செய்து திறக்க வைப்பேன். வெளிநாட்டுப் பெட்டிகளில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். அதை வலப்பக்கம் மாற்றாமல் ஒரு காரும் என் மேசையை விட்டு இறங்கியதில்லை.

மேசை வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், எங்கள் மூன்றாம் மாடி ஃபிளாட்டின் ஜன்னலோரம் இருக்கிறது. கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போது கட்டடம் லேசாக அதிரும். அந்த நேரம் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். மத்தியானத்துக்குப் பிறகு பெயின்ற் அடித்தால் கடற்காற்றின் ஈரத்தில் மேலே வெள்ளை பூத்துவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து பத்து வரை வீட்டில் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. என் கணவர் அந்த மூன்று மணித்தியாலத்துக்குத் தானே தேத்தண்ணி போட்டுக் குடிப்பார். கலியாணம் செய்த பிறகு அவர் பழகிய ஒரே சமையல் அதுதான்.

எங்கள் வேலைக்கு இரண்டு சட்டம் உண்டு. ஒட்டுத் தெரியக் கூடாது. அளவு பிசகக் கூடாது. இந்த இரண்டையும் மீறினவரை நான் மனதுக்குள் கூட மதிப்பதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமுமில்லை.

வயதான ஒரு அக்கா என்னிடம் வந்தது பல்லுக்காகத்தான். கீழ்த்தாடைக் கட்டுப்பல் உரசுகிறது என்று வைத்தியர் மேலே அனுப்பியிருந்தார். நான் அந்தக் கட்டுப்பல்லை அரத்தால் தேய்த்துக்கொண்டிருக்க, அவர் ஜன்னல் விளிம்பில் நான் வைத்திருந்த ஒரு காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இது நீங்களோ செய்தது?"

"ஓம் அக்கா."

"கதவு திறக்குமோ?"

எத்தனையோ பேர் அந்தக் காரைப் பார்த்து வடிவாய் இருக்கு என்றிருக்கிறார்கள். கதவு திறக்குமா என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. திறந்து காட்டினேன். பல்லில்லாத வாயோடு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கட்டுப்பல்லைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, கதிரையை இழுத்து இருந்து சொல்லத் தொடங்கினார்.

அவருடைய கணவர், நான் பிறகு அண்ணை என்று கூப்பிட்டவர், கொட்டாஞ்சேனையிலேயே நாற்பது வருடம் டிங்கரிங் கராஜ் வைத்திருந்தவர். நசுங்கின காரை நிமிர்த்துவது, வெல்டிங், பெயின்ற் எல்லாம். வாலிபத்தில் ஒரு பழைய ஆங்கிலக் காரைக் கழிவு இரும்பாகக் கொண்டுவந்து, அதன் கூரையை நாலு விரல் அளவுக்கு வெட்டித் தாழ்த்தி, பதுங்கின பூனை மாதிரி ஆக்கி ஓடித் திரிந்திருக்கிறார். எந்தக் கம்பெனிக் கார் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் அந்தக் காரின் விசுவாசிகள், அதை எப்படி வெட்டலாம் என்று என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

"அவருக்கு இப்ப ரெண்டு கண்ணும் தெரியாது, தங்கச்சி. ரத்தத்தில சீனி கூடின வருத்தம். ரெண்டு வருசமாச்சு. காரையும் வித்திட்டம். ஓட ஆளுமில்லை, விட இடமுமில்லை." கைப்பையைத் திறந்து மூடினார். "இப்ப என்னண்டா, அந்தக் காரின்ர உருவம் மறந்துகொண்டு போகுதாம். விடிய எழும்பினவுடன சொல்லுறார், முன்பக்கம் வருது, பின்பக்கம் வருதில்லை எண்டு. மனுசனுக்கு அதுதான் பயம். வேற ஒண்டுக்கும் பயமில்லை."

நான் அரத்தை மேசையில் வைத்தேன்.

"என்ர முகம் மறந்துபோச்சோ எண்டு கேட்டன். அதுக்குச் சொல்லுறார், உம்மை எங்க மறக்கிறது, நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறன் எண்டு."

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் ஒரு பழைய பிஸ்கட் டின்னை மேசையில் வைத்தார். அதற்குள் மூன்று படங்களும், காரை விற்கும்போது அண்ணை கழற்றி வைத்துக்கொண்ட பெட்ரோல் மூடியும் இருந்தன. மூடியில் காரின் அசல் நிறம், பழுத்த ஜம்புக்காய்ச் சிவப்பு. படங்கள் மூன்றும் அவர்களுடைய கலியாணத்தன்று எடுத்தவை. ஒரு படத்திலும் கலியாணப் பொம்பிளையான அக்காவுக்குச் சிரிப்பில்லை.

"ஏன் அக்கா இப்பிடி நிக்கிறீங்கள்?"

"நெத்தியைப் பாருங்கோ. வீங்கியிருக்கும். காரில ஏறேக்க அந்தக் கூரையில இடிபட்டதுதான். அண்டையில இருந்து நான் ஏறேக்க ஒவ்வொருக்காலும், 'இஞ்சரும், தலை கவனம்' எண்டு சொல்லுவார். முப்பத்தெட்டு வருசம். கோபத்தில கதைக்காமல் இருக்கிற நாளிலயும் அதை மட்டும் சொல்லுவார்."

செய்து தருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. என்னால் முடியும் என்று எனக்குத் தெரியும். அது தலைக்கனம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தக் காருக்கு நான் பட்ட பாட்டைச் சும்மா சொல்லக் கூடாது. அதே சாயலுள்ள ஒரு பெட்டியை வெளிநாட்டிலுள்ள என் தங்கை அனுப்பினாள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று கூரையைத் தாங்கும் நாலு தூண்களையும் மயிரளவு மெல்லிய வாளால் அறுத்து, நாலு விரலின் இருபத்து நாலில் ஒரு பங்கைக் கழித்து, மறுபடி ஒட்டினேன். ஒட்டிய இடங்களில் சிறு தழும்பு வந்தது. எப்போதும் வரும். நாலையும் நிரப்பி, தண்ணீர் தொட்டுத் தொட்டு சாண்ட் பேப்பரால் தேய்த்தேன். நகத்தால் கீறிப் பார்த்தாலும் ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியாத வரைக்கும் தேய்த்தேன். அண்ணை கார் ஏறுவதற்காக ஓட்டுகிறவர் பக்கக் கதவைத் திறக்க வைத்தேன். இருக்கையின் தையல் கோடுகளைப் பல்மெழுகுக் கத்தியால் கீறினேன்.

நிறத்துக்கு மட்டும் ஆறு கிழமை, ஒன்றரை மாதம், போயிற்று. நுகேகொடையில் காருக்கு நிறம் கலந்து கொடுக்கும் கடைக்குப் பெட்ரோல் மூடியோடு போனேன். ஐந்து முறை கலந்த சிவப்பையும் திருப்பிக் கொடுத்தேன். கடைக்கார முதலாளி சிங்களத்தில், யாருக்கு மிஸ் இது என்று கேட்டார். கண் தெரியாத ஒருவருக்கு என்றேன். கலக்கிக்கொண்டிருந்த குச்சியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குக் கண் தெரியும்தானே என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். ஆறாவது முறை சரியாக வந்தது.

முடித்த காரை மேசையில் வைத்தபோது என் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். ஒன்றும் பகிடியாகச் சொல்லவில்லை. அவர் பகிடி விடாமல் போனால் வேலை திறம் என்று அர்த்தம்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அதைப் பஞ்சில் பொதிந்து, கோட்டை வரை கோச்சியிலும் பிறகு பஸ்ஸிலும் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். உயரமான கூரையுள்ள பழைய வீடு. அண்ணை கூடத்தில் இருந்தார். கார் வந்துவிட்டது என்று அக்கா சொன்னதும் அவர் எழுந்து போய், சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி, துவாயால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு வந்து இருந்தார். அந்த ஒரு செய்கைக்காகவே அவருக்கு இன்னொரு கார் கட்டிக் கொடுக்கலாம்.

முன்னிருந்து பின்னால் தடவினார். மிக மெதுவாக.

"ஓம். பின்பக்கம் இதுதான். இந்தச் சரிவுதான் எனக்கு வராமல் கிடந்தது." சிரித்தார். அக்கா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு அவருடைய விரல்கள் கதவைக் கண்டுபிடித்தன. திறந்தார். கதவுக்குள் விரலை விட்டார், எடுத்தார், மறுபடி விட்டார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. காரை மேசையில் வைத்துவிட்டார்.

"நல்ல வேலை பிள்ளை. நான் பொய் சொல்லேல்ல, கராஜில என்னட்ட வேலை செய்த ஒருத்தருக்கும் இந்தக் கை இல்லை. ஆனா இது என்ர கார் இல்லை."

"எங்க பிழை அண்ணை? சொல்லுங்கோ, திருத்தித் தாறன்."

"தெரியேல்ல. எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா அது இல்லை."

"சரி, வைச்சிருங்கோவன்," என்றார் அக்கா. "பிள்ளை எவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டுவந்திருக்கு."

"வைச்சிருக்க ஏலாது." அவர் கையை மேசையிலிருந்தே எடுத்துவிட்டார். "இதைத் தடவத் தடவ எனக்கு இதுதான் ஞாபகத்தில நிக்கும். மிச்சமிருக்கிற மற்றதும் போயிடும். கொண்டுபோங்கோ பிள்ளை. கோவிக்காதேங்கோ."

கோவிக்காமல் இருக்க நான் என்ன கல்லா? எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளை மறுபடி பஞ்சில் பொதிந்துகொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் ஒருவர் இடிக்க, அவரோடு தேவையில்லாமல் சண்டை பிடித்தேன். என் கையிலிருந்து போன ஒரு காரும் அதுவரை திரும்பி வந்ததில்லை. எனக்கு வலித்தது, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் கோட்டையில் கோச்சிக்குக் காத்து நின்றபோது கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. அந்த மனிதர் பயந்துபோய்க் கையை எடுத்திருந்தார். என் காருக்குப் பயந்திருந்தார்.

"ஆனைக்கும் அடி சறுக்கும்," என்றார் என் கணவர்.

"இந்த உடம்பை வைச்சுக்கொண்டு நிக்கிறவளிட்ட ஆனை எண்டு சொல்லாதேங்கோ," என்றேன்.

ஞாயிறு முழுக்கப் படங்களை வைத்து அளந்தேன். கூரை சரி, சரிவு சரி, சில்லு சரி. அரை மில்லிமீற்றர் பிழையைக்கூட என்னால் பிடிக்க முடியவில்லை. கிழவனுக்கு மறதி, நான் என்ன செய்ய என்று மேசை விளக்கை அணைத்தேன். அதை நான் நம்பவில்லை.

திங்கட்கிழமை ஒருவருக்கு முன்வரிசைப் பல் வைத்துக்கொண்டிருந்தேன். நான் எப்போதும் பழைய படம் கேட்பேன். கட்டுப்பல்லை மட்டமாக, நேராக, வடிவாக வைத்துக் கொடுத்தால், கண்ணாடியில் வேறு யாரோ சிரிக்கிறார்கள் என்று திரும்பக் கொண்டுவருவார்கள். ஆகவே ஒரு பல்லைத் துளி சரிப்பேன், ஒன்றை மற்றதன் மேல் ஏற்றுவேன். இந்த மனிதர் கொடுத்த படமோ ஒரு பக்கத்திலிருந்து எடுத்தது. மறுபக்கம் தெரியாமல் எந்தப் பல்லைச் சரிப்பது? இன்னொரு படம் வாங்கித் தரும்படி கீழே வைத்தியருக்கு ரெலிபோன் எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அக்கா தந்த மூன்று படங்களும் பொம்பிளை ஏறிய பக்கத்திலிருந்து எடுத்தவை. மூன்றும் இடப்பக்கம். வலப்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. இடதைப் பார்த்து வலதைச் செய்துவிட்டேன். பல்லில் ஒருநாளும் செய்யாத மடத்தனத்தைக் காரில் செய்திருக்கிறேன்.

வேலை முடிந்ததும் நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடுதான். கூடத்தின் நடுவில் ஒரு கதிரையைப் போட்டேன்.

"அண்ணை, இதுதான் உங்கட கார். ஏறிக் காட்டுங்கோ."

பகிடி விடுகிறேனோ என்று அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு எழுந்து வந்து, கதிரையின் வலப்பக்கம் நின்று, இல்லாத கதவைத் திறந்தார். வலது கையைத் தூக்கி இல்லாத தூணைப் பிடித்தார். தலையைக் குனிந்து, இடது காலை உள்ளே வைத்து இருந்தார்.

"இன்னொருக்கால்."

மறுபடி ஏறினார். தூணைப் பிடித்த கையின் பெருவிரல் மேலும் கீழும் அசைந்தது.

"பெருவிரலால என்னத்தைத் தடவுறீங்கள்?"

"நான் ஒண்டும் தடவேல்லையே."

"இன்னொருக்கால் ஏறுங்கோ."

மூன்றாம் முறை கை மேலே போனதும் அவர் அப்படியே நின்றார். பெருவிரல் காற்றில் ஒரு இடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. அவர் முகம் மாறியது.

"வெல்டிங்," என்றார். "அந்தத் தூணில வெல்டிங் தழும்பு இருக்கு. மற்ற மூண்டையும் தேய்ச்சு மட்டமாக்கிப்போட்டன். அதைத் தேய்க்கேக்க சாணைக்கல்லு உடைஞ்சு போச்சு. அடுத்த நாள் கலியாணம். பிறகு தேய்ப்பம் எண்டு மேலால பெயின்ற் அடிச்சு விட்டன்."

"முப்பத்தெட்டு வருசமாப் பிறகு," என்றார் அக்கா.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். என் கையிலும் அந்தத் தழும்பு வந்ததுதானே. அவர் வெட்டிய இடத்தில் வெட்டி, அவர் ஒட்டிய இடத்தில் ஒட்டி, அவருக்கு வந்த அதே தழும்பு எனக்கும் வந்தது. நான்தான் தேய்த்தேன். நாலையும், பெருமையோடு. ஏறும்போது கை தானாகத் தேடிப் போகிற அந்த ஒரு இடத்தை அழித்துவிட்டு, மிச்சக் கார் முழுவதையும் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு காலை, பல்லுக் கடையும் ஊசியால் என் சொந்தப் பெயின்ற்றைச் சுரண்டினேன். ஆறு கிழமைச் சிவப்பு தூளாகப் பறந்தது. தூணில் பசையை இழுத்து ஒரு தழும்பு வைத்தேன். சரியான அளவில்தான், இருபத்து நாலில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். ஒன்றுமில்லை. நிஜத் தழும்பே அரிசி அளவு. அதில் இருபத்து நாலில் ஒன்றை எந்த விரல் கண்டுபிடிக்கும்? கதவு, கூரை, சில்லு எல்லாம் சின்னதாகலாம். அவருடைய பெருவிரல் சின்னதாகாது.

ஒரு கோச்சி போகும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பிறகு அளவுச் சட்டத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். பசைக்கு மேல் கட்டுப்பல் வார்க்கும் மாவைத் தூவி, மறுபடி பசை வைத்து, கடுகில் பாதி உயரத்துக்குத் தழும்பை ஏற்றினேன். பார்வைக்கு அசிங்கம். தூணில் பரு வந்தது போல இருந்தது. மேலே அடித்த சிவப்பும் பழைய சிவப்போடு சேரவில்லை, திட்டாகத் தெரிந்தது. அதையும் விட்டுவிட்டேன்.

"கண்ணை மூடிக்கொண்டு தடவுங்கோ," என்று கணவரிடம் நீட்டினேன்.

தடவினார். "இந்த இடத்தில ஒண்டு குத்துது. தேய்க்க மறந்திட்டியோ?"

"மறக்கேல்ல," என்றேன்.

மறுநாள் வேலை முடிந்து கொண்டுபோனேன். அக்கா தேத்தண்ணி போட உள்ளே போயிருந்தார். அண்ணை முன்போலவே கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். ஆனால் இந்த முறை காரை வாங்கத் தயங்கினார். கைகளை மடியிலேயே வைத்திருந்தார்.

"முதலில கதவைத் திறவுங்கோ அண்ணை," என்றேன். "மற்றது எல்லாம் பிறகு."

திறந்தார். பெருவிரல் நுனி உள்ளே போய்த் தூணில் ஏறியது. மேலே போயிற்று, கீழே வந்தது, நின்றது. அவர் காரைத் தன் பக்கம் இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பெருவிரல் அந்த இடத்தை விட்டு எடுபடவில்லை. கதிரையில் இருந்தபடியே அவருடைய தலை மெல்லக் குனிந்தது.

அப்போதுதான் அக்கா தட்டோடு கூடத்துக்குள் வந்தார். காலடி கேட்டு அண்ணை முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார்.

"இஞ்சரும்," என்றார், "தலை கவனம்."

அந்த உயரமான கூடத்தின் நடுவில், கையில் மூன்று தேத்தண்ணியோடு, அக்கா தலையைக் குனிந்தார்.